களஞ்சியத்துச் சாவி

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் விராலிமலையைத் தாண்டிய பிறகும் விழித்துக்கொண்டிருந்தால் கொடும்பாளூரைப் பார்க்கலாம். பெரும்பாலோர் அதற்குள் தூங்கிப்போயிருப்பார்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்துபோன காலத்தில் அப்படித் தூங்கிக்கொண்டு போக முடிந்திராது. மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகப் பிரிகிற இடம் இது. எந்தப் பாதையில் போனால் என்ன எதிர்ப்படும் என்று மாங்காட்டு மறையோன் ஒருவன் அவர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்துவிடுகிறான். இளங்கோவடிகள் கொடும்பை என்று சொல்லும் அந்த ஊரில் இப்போது சாலையை விட்டு உள்ளே நடந்தால் வயல், கருவேலம், ஆடு மேய்க்கும் ஒரு பையன், அப்புறம் திடீரென்று மூவர் கோயில்.

நம்மில் பலருக்குக் கொடும்பாளூர் என்றதும் கல் ஞாபகம் வருவதில்லை. வானதி ஞாபகம் வருகிறாள். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது கல்கி செய்த உபகாரம் அது. கூடவே ஒரு சிறிய அபகாரமும் நேர்ந்தது. பூதி விக்கிரமகேசரியை அவர் மீசையும் வாளுமாக, படைத்தலைவராக, கொடும்பாளூர்ப் பெரிய வேளாராக நிறுத்தினார். கதைக்கு அது போதும். அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த மனிதர் செய்த காரியங்களில் கதாசிரியனுக்கு நியாயமாக ஆசை மூட்டியிருக்க வேண்டிய காரியம் யுத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. யுத்தம் செய்யாத ராஜா யார்? அவர் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். அதைத் தம் காலத்துக்குப் பிறகு யார் நடத்துவது என்று எழுதிவைத்தார். எழுதிவைத்த சுவர் இன்னும் நிற்கிறது, ஸ்தாபனத்தைக் காணோம். என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல கரு வேறு என்ன வேண்டும்?

நடுக்கோயிலின் தெற்குச் சுவரில் அந்தச் சாசனம் இருக்கிறது. கிரந்த எழுத்து, சமஸ்கிருத பாஷை. எனக்கு எழுத்தும் தெரியாது, பாஷையும் அரைகுறை. படித்தவர்கள் அச்சிட்டு விளக்கியிருப்பதை வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆரம்பம் சிதைந்துவிட்டது. எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி வம்சாவளி. இன்னார் மகன் இன்னார், அவர் இன்ன படையை வென்றார், இன்ன யானையைப் பிடித்தார் என்று இருக்குவேளிர் தலைமுறைகள் வரிசையாக வருகின்றன. சமராபிராமன் என்பவன் சோழ ராஜகுமாரி அனுபமையை மணந்தான். அவர்கள் பிள்ளைதான் பூதி என்கிற விக்கிரமகேசரி. காவேரிக் கரையில் பல்லவனுடைய சேனையை வென்றவர், வீரபாண்டியனை வென்றவர் என்று அவருக்கும் ஒரு பட்டியல். கற்றளி, வரகுணை என்று இரண்டு மனைவிமார். தம் பெயராலும் அவர்கள் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்தார். காலத்தைப் பற்றி வித்வான்களுக்குள் வழக்கு உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் முதல் பலரும் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்வது பெரும்பாலோர் கட்சி.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, கடைசியில், கொஞ்சம் அவசரமாக, நமக்கு வேண்டிய விஷயம் வருகிறது. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர், ஆத்ரேய கோத்திரத்தவர், வேதம் கரை கண்டவர், வித்யாராசி, தபோராசி என்ற இரண்டு தபஸ்விகளின் சிஷ்யர். அவரிடம் ஒரு பெரிய மடத்தையும் பதினொரு கிராமங்களையும் ஒப்படைத்தார். நைவேத்தியம், தூபம், புஷ்பம், விளக்கு, தாம்பூலம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து செலவு செய்ய வேண்டும். ஐம்பது காளாமுகத் தபஸ்விகளுக்கு அன்னமிட வேண்டும்.

ஒரு கதையைப் படிப்பதுபோல் இதைப் படித்துப் பாருங்கள். முன்னோர் பெருமைக்கு நீண்ட இடம். மனைவிமாருக்குப் பெயரோடு ஒரு இடம். ஆசாரியருக்கு அவர் குருமாரோடு சேர்த்து ஒரு இடம். வெற்றிலைக்குக்கூட ஒரு இடம். சாப்பிடுகிற ஐம்பது பேரில் ஒருவனுக்காவது பெயர் இல்லை. விமானத்தைக் கட்டின சிற்பிக்குப் பெயர் இல்லை. அந்த அர்த்தநாரியையும் கஜசம்ஹார மூர்த்தியையும் செதுக்கின கைக்கு ஒரு சொல் இல்லை. மல்லிகார்ஜுனர் கண்ணை மூடினால் அடுத்தவரை யார் நியமிப்பது? பதினொரு கிராமத்து நெல்லில் ஐம்பது பேர் சாப்பாடு போக மிச்சம் என்ன ஆயிற்று என்று யார் கேட்பது? கிடைத்திருக்கிற வாசகத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. நல்ல மனிதர் கையில் கொடுத்துவிட்டோம், போதும் என்று விக்கிரமகேசரி நினைத்திருக்கிறார். தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்துகிறவர்கள் அத்தனை பேரும் முதல் நாள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவருக்கு இந்தப் புத்தி ஊர் வாசியாகவே வந்திருக்கலாம். கொடும்பாளூரில் அவருக்கு முந்தி ஒரு அரசர் இருந்தார்: இடங்கழி நாயனார். அறுபத்து மூவரில் ஒருவர். சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவனடியார்களுக்கு அமுது படைப்பதையே விரதமாகக் கொண்ட ஒருவருக்கு ஒருநாள் நெல் கிடைக்கவில்லை. ராத்திரி அரசாங்கக் களஞ்சியத்தில் புகுந்து எடுக்கும்போது காவலாளிகள் பிடித்துக்கொண்டு போய் அரசர் முன் நிறுத்துகிறார்கள். 'அடியாரை அமுது செய்விக்கவே எடுத்தேன்' என்கிறார் அவர். இடங்கழியார் உருகிப்போகிறார். எனக்கல்லவா இவர் களஞ்சியம் என்று சொல்லி, நெல் மட்டும் என்ன, பண்டாரத்தையும் சேர்த்து அடியார்கள் கொள்ளை கொள்ளலாம் என்று பறை சாற்றுகிறார்.

அழகான கதை. ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு இடத்தில் இடறும். இடங்கழியார் அரசர், நெல் அவருடையது. (குடியானவனுடையது என்று வாதிக்கலாம். அந்த வாதத்தில் எனக்கும் அனுதாபம் உண்டு, இங்கே வேண்டாம்.) தம்முடையதை அவர் அள்ளிக் கொடுத்தார். தர்மகர்த்தாவுக்கு அந்த உரிமை கிடையாது. அவர் கையில் இருப்பது செத்துப்போன ஒருவருடைய நெல்லும் இனிமேல் பிறக்கப் போகிற ஒருவனுடைய பசியும்தான். அவர் தாராளமாக இருப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் நூலகமோ, நாடக சபாவோ, கலை அறக்கட்டளையோ, எதை நிர்வகிக்க வந்தவரும் வந்த மறுநாளே இடங்கழி நாயனாராகிவிடுகிறார். பொன்னாடை வாங்குகிறார், மந்திரிக்கு வெள்ளியில் வீணை கொடுக்கிறார், மைத்துனர் பிள்ளைக்கு மேடை கொடுக்கிறார். கொடுக்கும்போது முகத்தில் அந்த அருள் வேறு!

எனக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. பெயர் வேண்டாம், ஒரு ஜில்லாத் தலைநகரம், ஒரு கலை அறக்கட்டளை. பழைய நாடகக் கொட்டகையையும் சில கடைகளின் வாடகையையும் ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கொஞ்சம் பெயர் தெரிந்த எழுத்தாளன் என்பதால் கமிட்டியில் போட்டார்கள். முதல் கூட்டத்துக்குப் புத்தம் புது வேஷ்டி கட்டிக்கொண்டு போனேன். ஆண்டு விழா அழைப்பிதழில் யார் பெயர் எந்த வரியில் என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினோம். 'தலைமை' பெரியதா, 'முன்னிலை' பெரியதா என்பதில் ஒரு வக்கீல் மிக நுட்பமான வாதம் செய்தார். அதை மறுக்க ஒரு டாக்டர். பிறகு, சென்ற வருஷம் வாசித்த நாகஸ்வரக்காரருக்குப் பாக்கி இருக்கிறது என்று காரியதரிசி ஒரு காகிதத்தைப் படித்தார். 'அதைப் பார்த்துக்கலாம்' என்று மூன்று பேர் ஏககாலத்தில் சொன்னார்கள். காப்பி வந்துவிட்டது. நானும் காப்பி சாப்பிட்டேன். அந்த நாகஸ்வரக்காரர் வெளியே, கடை வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார் என்பது இறங்கி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. 'நமஸ்காரங்க' என்று எழுந்து நின்றார். இரண்டு வருஷம் அந்தக் கமிட்டியில் இருந்தேன். வரவு செலவுக் கணக்கை ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டால் யாரையோ சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம். என் கதைகளில் வருகிற கோழைகளை நான் அவ்வளவு சிரமப்பட்டுக் கற்பனை செய்யவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கூச்சம் இல்லாத ஒரு கூட்டம் இதே நாட்டில், ஏறக்குறைய விக்கிரமகேசரியின் காலத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு. முதல் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். குடும்புக்கு ஒருவராக முப்பது குடும்புக்கும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு ஜனநாயகம் என்று கைதட்டுகிறோம். அது பிராமண சபை. நிலமில்லாதவனுக்கும் மற்ற ஜாதிக்காரனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைதட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்த விதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவன் சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மருமகன், மைத்துனன் என்று உறவுமுறையை ஒவ்வொன்றாக அடுக்கி, இவர்களில் ஒருவன் பெயரையும் போடக்கூடாது என்கிறது கல்வெட்டு. சட்டம் எழுதினவர் யாரோ, கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர். மைத்துனன் வழியாக ஊர்ப்பணம் எந்தத் திண்ணைக்குப் போய்ச் சேரும் என்பது அவருக்கு அத்துப்படி. இருந்தவன் மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்று வேறு ஒரு விதி. கணக்குக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை என்று கல்லிலேயே வெட்டிவிட்டபடியால் என்னைப் போன்றவனுக்குக் கூச்சப்பட வேண்டிய அவசியம் இருந்திராது. விக்கிரமகேசரியின் சாசனத்தில் இருக்கும் அழகு உத்தரமேரூரில் இல்லை. அது ஒரே உறவுமுறைப் பட்டியல். கவிதை என்று பார்த்தால் கொடும்பாளூர்தான் உசத்தி.

கணக்கு மட்டும் சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்குத் திருவையாறு இருக்கிறது.

தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்தார். அவருக்கு ஆராதனை நடத்துவதில் இந்த நூற்றாண்டுக்கு முந்தியதன் தொடக்கத்திலேயே இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன: பெரிய கட்சி, சின்னக் கட்சி. 'நிதி சால சுகமா' என்று கேட்டவருக்காக நன்கொடைப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு கோஷ்டிகள் அலைந்தன. சமாதியோ கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்தவர். முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை 1910-ல் பதிப்பித்து, சர்க்கார் தடை செய்த பிறகும் அஞ்சாதவர். அவர் தம் சொத்தைப் போட்டு, 1920-களில் அந்த இடத்தில் கோயில் கட்டினார். கட்டி முடித்த கோயிலில், ஆராதனை தினத்தன்று, அவர் பாடக்கூடாது என்றார்கள் பாகவதர்கள். பெண் பாடக்கூடாது.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விசித்திரமான நிலைமை. கட்டடம் அம்மாளுடையது, விழா கட்சிக்காரர்களுடையது. கதவுச் சாவி ஒருவரிடம், மேடை வேறொருவரிடம். கட்டடத்தை வைத்து மிரட்டி மேடையைப் பிடிப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் தோன்றும். அவர் அதைவிடப் பெரிய காரியம் செய்தார். பெண்களையே சேர்த்து மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்துக் கோயிலின் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டி மூன்றும் ஒன்றாயின. அந்தச் சமரசத்துக்கு வக்கீல்களும் அதிகாரிகளும் வித்வான்களும் பாடுபட்டார்கள்; அவர்களுக்கும் புண்ணியம் உண்டு. ஆனால் பஞ்சரத்தினம் பாடும்போது பெண்களும் வரிசையில் உட்கார்ந்திருப்பதை இன்று டெலிவிஷனில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பின்புறத்துக் கச்சேரிகள் தெரிய வழியில்லை. 1952-ல் அம்மாள் காலமானார். தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி. கும்பிட்ட கையோடு சிலை.

இரண்டு கட்சிகளிலும் யோக்கியர்கள் இருந்தார்கள். பக்திமான்கள், தானம் செய்தவர்கள், கணக்கு எழுதியவர்கள். நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஜாடையாக இருந்ததுதான் கோளாறு. பாடுகிறவர்களில் பாதிப்பேர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது உள்ளே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. பட்டாலும் அது சாஸ்திரமாகத் தெரிந்தது.

சென்னை ஸங்கீத வித்வத் சபை, நாம் மியூசிக் அகாடமி என்கிறோமே அது, இந்தச் சிக்கலுக்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸோடு நடந்த சங்கீத மகாநாட்டில் பிறந்து, 1928-ல் தொடங்கிய ஸ்தாபனம். அங்கே இரண்டு தலைமைகள். நிர்வாகத் தலைவர் ஒருவர். முதலில் வந்தவர் டாக்டர் யு. ராமராவ், பிறகு வந்தவர்களிலும் வக்கீல்கள், தொழிலதிபர்கள் உண்டு. வருஷாந்தர மகாநாட்டுக்குத் தலைவர் ஒரு வித்வான். அவருக்கு 1942 முதல் சங்கீத கலாநிதி என்று பட்டம். மார்கழியில் சில நாள் காலைக் கூட்டங்களில் வித்வான் தலைமைப் பீடத்தில் உட்காருகிறார். மற்ற நாட்களில் சாவி மற்றவரிடம். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கட்டடம் கட்டவும் கச்சேரிக்கு டிக்கெட் விற்கவும் ராகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டம் ஒரு பெண்ணிடம் வந்து சேர 1968 ஆயிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி என்ற பெண்மணியிடம்! அவர் பாட ஆரம்பித்து எத்தனை வருஷம் கழித்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்தாபகர் தம் கையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் வேறு விதமான சங்கடம். தாகூருக்கு இந்தக் கவலை இருந்தது. 1940-ல் சாந்திநிகேதனத்துக்கு வந்த காந்தியடிகளிடம், விசுவபாரதியைத் தம் காலத்துக்குப் பிறகு காப்பாற்றும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். அது 1951-ல் சர்க்கார் சர்வகலாசாலையாயிற்று. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்துக்கும் அதே கதிதான். 1936-ல் அவர் ஆரம்பித்தார்; 1986-ல் காலமானார்; பிறகு வழக்கு, சச்சரவு; 1993-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் மூலம் அது மத்திய அரசின் கீழ் வந்தது. நிர்வாகக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு என்று சட்டத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உத்தரமேரூர்க்காரர்கள் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் 2023 மார்ச்சில் அங்கே படிக்கிற மாணவ மாணவிகள், பாலியல் தொல்லை பற்றிய புகாருக்குச் செவிசாய்க்கவில்லை என்று வகுப்பை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு வந்தது. இத்தனை குழுக்கள் இருந்தும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் சங்கடத்தைச் சொல்ல ஆலமரத்தடியில் உட்கார்ந்து கோஷம் போட வேண்டியிருந்ததென்றால், அந்தக் குழுக்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே எத்தனை கதவுகள் இருந்திருக்க வேண்டும்!

மூவர் கோயிலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்கக் காரணம் உண்டு. கொடும்பாளூருக்கு வரும் வழியில் விராலிமலை ஏறிவிட்டு வந்திருந்தேன். அந்த முருகன் சந்நிதியில் பொட்டுக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பெண்கள் ஆடியும் பாடியும் சேவை செய்திருக்கிறார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்து ராஜாக்கள் காலம் அது. சமஸ்தானம் 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு சேர்ந்தது; தேவதாசி ஒழிப்புச் சட்டம் அதற்கு முந்தின வருஷம். சட்டம் வந்தது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் சதிரும் விராலிமலைக் குறவஞ்சியும் அவர்கள் உடம்பில் அல்லவா இருந்தன? அவற்றை யார் கையில் வாங்கிக்கொள்வது என்று எந்தக் கமிட்டியும் கூடவில்லை. முப்பத்திரண்டு பேரில் கடைசியாக எஞ்சிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. ஏழு வயதில் அந்தப் படிகளில் ஏறத் தொடங்கியவர்.

தமிழ்நாட்டுக் கோயில் அறங்காவலர் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினரும் இருந்தாக வேண்டும் என்று இன்று அறநிலையச் சட்டம் சொல்கிறது. கலை அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நாகஸ்வரக்காரருக்குக் கமிட்டியில் ஒரு நாற்காலி இருந்திருந்தால், 'பார்த்துக்கலாம்' என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் சொல்லியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நானாவது கேட்டிருப்பேன்.

பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று விமானங்களில் நடுவிலுள்ளதும் தெற்கே உள்ளதும்தான் முழுசாக நிற்கின்றன. வடக்கே இருந்தது போய் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அது கற்றளியின் பெயரால் எடுத்ததா, வரகுணையின் பெயரால் எடுத்ததா என்று சாசனத்தை வைத்துக்கொண்டு சொல்வதற்கில்லை. சுற்றிலும் சின்னச் சின்னச் சந்நிதிகளின் அடித்தளங்கள், வரிசையாக. ஐம்பது பேர் சாப்பிட்ட மடம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று காவலரைக் கேட்டேன். தொல்லியல் இலாகாக்காரர், ஊருக்குப் பக்கத்து ஆசாமிதான். 'மடமா? அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்களே' என்றார்.